கொழும்பில் மழை, காட்டில் தாகம்

ஆடி மாதத்தில் இலங்கைக்கு வீசுவது ஒரே காற்றுத்தான். தென்மேற்கிலிருந்து கடல் தாண்டி வரும் அது, வெள்ளவத்தைக் கரையில் ரயில் பாதையைக் கடந்து ஒழுங்கைகளுக்குள் நுழைந்து, காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களின் குடைகளை மடக்கிப் பார்க்கிறது. பிறகு மத்திய மலைகளில் ஏறி, கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் அங்கே கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது அதில் தண்ணீர் இல்லை, சூடுதான் மிச்சம். மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்கிறார்கள். ஒரே நாளில், ஒரே காற்றில், கொழும்புக்குச் சாரலும் பொத்துவிலுக்குப் புழுதியும் கிடைக்கின்றன. கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் காலங்காலமாக நடப்பது இந்தப் புழுதிக்குள்தான்.

வடமராட்சியில் தொண்டைமானாற்றங்கரைச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோடு இறங்கிவர ஒன்றரை மாதத்துக்கு மேலாகும். உகந்தை முருகன் கோவிலோடு ஊர் முடிந்து காடு தொடங்குகிறது. அங்கிருந்து குமண, யால தேசியப் பூங்காக்களின் ஊடாக ஐந்தாறு நாள் நடை. வழியில் வீடில்லை, கடையில்லை, மின்கம்பமும் இல்லை. கொழும்பிலிருந்து போகிறவர்களில் முழுப் பாதையையும் நடப்பவர்கள் குறைவு. லீவுக் கணக்குப் பார்க்க வேண்டிய வெள்ளவத்தைக்காரரும் கொட்டாஞ்சேனைக்காரரும் இரவு பஸ்ஸில் பொத்துவில்வரை போய், உகந்தையில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறார்கள். வீட்டு வாசலில் குடை விரித்தவர்கள், மறுநாள் காலை பஸ்ஸால் இறங்கியதும் வெயிலுக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொள்கிறார்கள்.

காட்டுக்குள் நடப்பவர்களின் பேச்சில் பாதி தண்ணீரைப் பற்றியது. வாகூரவெட்டை, குமண, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று அவர்கள் அடுக்கும் தங்குமிடங்களின் வரிசை, தண்ணீர் கிடைக்கும் இடங்களின் வரிசைதான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அரிசி, பருப்பு, மாற்றுச் சாரம், பாய் எல்லாம் சுமப்பவர் அதற்குமேல் எத்தனை லீற்றர் தூக்கலாம் என்பது, உகந்தையில் பொதி கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. சில இடங்களில் பவுசர்களில் கொண்டுவந்து தாங்கிகளை நிரப்பி வைக்கிறார்கள். தாங்கி வெறுமையாக இருந்தால் பழைய வழி இருக்கிறது: வற்றிய ஆற்றின் மணலில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்துக் காத்திருப்பது. முதலில் ஊறுவது கலங்கல். அதை இறைத்து ஊற்றிவிட்டு, இரண்டாம் முறை ஊறுவதைச் சிரட்டையால் அள்ளுவார்கள்.

இந்தக் காட்டில் ஆடியில் மழையே பெய்யாது என்றில்லை. 'ஊவா மாகாணத்திலும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்' என்ற அறிவிப்பு கொழும்புச் சமையலறை வானொலிகளுக்குப் பழக்கமானது. தென்மேற்குப் பருவக்காற்று தரும் மழை இதுவல்ல. பகலெல்லாம் வெந்த நிலத்திலிருந்து எழும் சூடு மேலே முகிலாகிக் கனத்து, பொழுது சாயும் நேரத்தில் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். வானொலியில் கேட்கும்போது ஏதோ தூரத்துச் செய்தி. கும்புக்கனுக்கும் நாவலடிக்கும் நடுவே நிற்பவருக்கு அப்படியில்லை.

முதலில் காற்று நிற்கும். நாட்கணக்காகக் காதில் இரைந்துகொண்டிருந்த கச்சான் ஓய்ந்ததும், அனுபவப்பட்ட அடியார்கள் நடையை நிறுத்தி மேற்கே பார்ப்பார்கள். அரைமணி நேரத்துக்குள் தறப்பாள்கள் அவிழும். அவற்றைக் கட்டுவதிலும் முறை இருக்கிறது. நாலு மூலையையும் வீரை மரத்திலும் பாலை மரத்திலும் இழுத்துக் கட்டி, ஒரு பக்கத்தை மட்டும் தாழவிட்டு, அதன் நடுவில் சிறு கல்லை வைப்பார்கள். கல்லின் பாரத்தில் தறப்பாள் குழிந்து தண்ணீர் ஒரே இடத்தால் வடியும். அதற்குக் கீழே சோற்றுப் பானை. மழை இறங்கும் நேரத்தில் யார் எங்கிருந்து வந்தவர் என்பதைக் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். கொழும்புப் பொடியன் முதல் வேலையாகப் போனைச் சொப்பிங் பைக்குள் திணித்து, பையை இன்னொரு பைக்குள் போட்டு, தன்னையும் தறப்பாளுக்கு அடியில் ஒடுக்கிக்கொள்வான். மட்டக்களப்புப் பக்கத்து அம்மா பானையின் மூடியைத் திறந்து மழைக்குள் வைத்துவிட்டு, தானும் மழைக்குள் நிற்பார். உள்ளே ஒடுங்கிக் கிடப்பவனைப் பார்த்து, "என்ன சாமி, உப்புக்கட்டியா நீங்க, கரைஞ்சு போக?" என்பார். பாதயாத்திரையில் எல்லாரும் எல்லாருக்கும் சாமிதான். பேரனின் வயதுள்ளவனும் சாமி.

மழைக்குப் பிந்திய நடைக்குச் சிரமம் அதிகம். உலர்ந்த நாளில் கல்லாக இறுகிக் கிடக்கும் வெட்டைவெளி களியாகி, ஒவ்வொரு அடிக்கும் பாதத்தில் ஒரு பிடி ஒட்டிக்கொள்ளும். வெறுங்காலில் நடப்பவர்களுக்கு ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் உரியும். கொப்புளத்தை உடைக்கலாமா கூடாதா என்ற விவாதம் ஒவ்வொரு தங்குமிடத்திலும் நடக்கும். விறகு நனைந்துவிட்டால் சோறு தாமதம், தேத்தண்ணியும் தாமதம். ஆறுகளைக் கணிப்பதும் கடினம். கும்புக்கன் ஆறு மொனராகலைப் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. தங்குமிடத்தில் ஒரு துளி விழாமலே, மலையில் பெய்ததால் இரவோடிரவாக ஆறு ஏறிவிடலாம். முதல்நாள் முழங்காலளவு இருந்த துறையில், மறுநாள் பொதியைத் தலையில் வைத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும்.

யானைகளின் கணக்கும் மாறுகிறது. கோடையில் அவை எஞ்சிய நீர்நிலைகளைச் சுற்றியே நிற்கும். அடியார்களும் அதே நீர்நிலைகளைத் தேடித்தான் போகிறார்கள். ஒரு நல்ல மழை பெய்து, பள்ளமெல்லாம் தேங்கினால் யானைகள் பரவிப் போய்விடும். குளத்தடியில் பயம் குறையும், ஆனால் பாதையின் எந்தத் திருப்பத்திலும் ஒன்று நிற்கலாம். ஈர மண்ணில் காலடிகள் தெளிவாகப் பதிவதால், காலையில் முன்னே நடப்பவர்கள் நிலத்தைப் பார்த்தபடியே போவார்கள். பாலைப்பழக் காலமும் இதுதான். கரடிக்கு அதில் ஆசை அதிகம் என்பதால், பழம் பொறுக்கப் போகும் பிள்ளைகளுக்குத் திட்டு விழும்.

கொழும்புக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. அம்பாந்தோட்டைக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை. கொழும்புத் தமிழருக்கு மழை என்றால் பெரும்பாலும் தாமதம்: ஒழுங்கையில் முழங்கால் வெள்ளம், காயாத சீருடை, வராத ஓட்டோ. கொட்டாஞ்சேனையின் தாழ்ந்த பகுதிகளில் வாய்க்கால் நிரம்பி வாசலேறும். அதே ஆளைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டால், ஒரு வாரத்தில் அவர் வானத்தை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார். நடை ஒருவரை மாற்றுகிறது என்று யாத்திரை பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் எழுதுகிறார்கள். கதிர்காமப் பாதையில் அந்த மாற்றத்தைத் தொட்டுக் காட்ட முடியும்: மழை வந்தால் ஒதுங்கியவர் பானையை வெளியே வைக்கப் பழகுகிறார்.

கொழும்பிலிருந்தே நடந்த காலமும் இருந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை, அவர் மறைந்த 1924ஆம் ஆண்டில் வெளியானது. தன் அம்மம்மா 1830களில் பிள்ளையின் பொருட்டு நேர்த்தி வைத்து, கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு நடந்துபோய் நடந்தே திரும்பியதை அதில் அவர் குறிப்பிடுகிறார். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சேர் முத்துக்குமாரசுவாமி, கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தை. நடந்தவரின் மருமகன் பொன்னம்பல முதலியார் கொட்டாஞ்சேனையில் கட்டிய சிவன் கோவிலை, பேரன் இராமநாதன் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். இன்று பொன்னம்பலவாணேசர் கோவிலின் கல்தூண்களுக்கிடையே மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களுக்கு, அதைக் கட்டிய குடும்பத்தின் பெண் ஒருவர் தெற்கே 280 கிலோமீற்றர் அளவு நடந்தவர் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த நடையின் புவியியல் கிழக்குக்கரைப் பாதைக்கு நேர்மாறானது. செல்வச்சந்நிதியில் புறப்படுபவர் வறட்சியில் தொடங்கி வறட்சியில் முடிக்கிறார். கொழும்பிலிருந்து கடற்கரையோடு போனவர் களுத்துறை, பெந்தோட்டை, காலி, மாத்தறை வரை தென்னைக்கும் மழைக்கும் நடுவே நடந்திருக்க வேண்டும். களு கங்கை, பெந்தர கங்கை, ஜின் கங்கை, நில்வளா கங்கை என்று குறுக்கிடும் ஆறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அன்று பாலமில்லை. தோணிதான். தங்காலைக்கு அப்பால் மரங்கள் குட்டையாகி முள்ளாகும். அம்பாந்தோட்டையில் உப்பளம் வெளுத்துக் கிடக்கும். திஸ்ஸமகாராமை தாண்டினால் காடு. முதல் பாதியில் காலைச் சேற்றிலிருந்து பிடுங்க வேண்டும், இரண்டாம் பாதியில் நாக்கை அண்ணத்திலிருந்து பிடுங்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆளின் உடம்பு தாங்கியது.

இந்தப் பாதையில் தண்ணீர் உயிரையும் எடுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, தென்னிந்தியாவிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த யாத்திரிகர் கூட்டங்களில் வாந்திபேதி திரும்பத் திரும்பப் பரவியது. ஆயிரக்கணக்கானோர் ஒரு வற்றிய ஆற்றின் எஞ்சிய நீரில் குளித்து, அதையே குடித்தால் என்னவாகும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று அப்படியல்ல. கல்கத்தாவின் குளமொன்றில் ரொபர்ட் கொக் அந்தக் கிருமியைக் கண்டது 1884இல்தான். காரணம் தெளிவாகத் தெரியாவிட்டாலும், கூட்டத்தோடு நோயும் நடக்கிறது என்பதைக் குடியேற்ற அரசு கண்டுகொண்டது. 1870களில் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் வந்தன: எண்ணிக்கை வரம்பு, அனுமதிச் சீட்டு, வைத்தியப் பரிசோதனை. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃபின் கடமைகளில் கதிர்காமத் திருவிழா முகாமை மேற்பார்வை செய்வதும் ஒன்று. பின்னால் லண்டனில் பெயரெடுத்த அந்த எழுத்தாளர், யாத்திரிகர் முகாமில் கிணறுகளையும் கழிப்பிடங்களையும் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

கொழும்பின் ஆடிவேல் இந்தக் கட்டுப்பாட்டின் பிள்ளை. 1874இல், கதிர்காமத்துக்குப் போக முடியாத நிலையில், செட்டியார் தெருவிலிருந்து வேலை ரதத்தில் ஏற்றிக் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்துக் கோவில்களுக்குக் கொண்டுவரும் விழா தொடங்கியது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதை முன்னெடுத்ததில் வியப்பில்லை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த காரியம். வேலோடு நடப்பது எப்படி, வழியில் எங்கே இறக்குவது, யார் சோறு போடுவது என்பதெல்லாம் கைவந்த கலை. பழனிப் பாதை ஒரு வாரத்துக்கு உரியது. கொழும்பில் கிடைத்தது ஒரு பகல், ஓர் இரவு, சில மைல்.

ஆனால் அந்தச் சில மைல்கள் எவை என்று பார்த்தால் ஒரு பொருத்தம் தெரிகிறது. கோட்டையிலிருந்து தெற்கே போகும் காலி வீதி, அருணாசலத்தின் அம்மம்மா நடந்த திசை. கொழும்பு வழியாகக் கதிர்காமம் போகிற எவரும் முதலில் கடக்க வேண்டிய தூரத்தைத்தான் வேல் ரதம் ஆண்டுதோறும் கடந்திருக்கிறது. மீதிப் பாதை கைவிட்டுப் போனபின்னும் முதல் துண்டு மட்டும் விழாவாக நின்றுவிட்டது. வீதியோரத்தில் கரும்பும் கச்சான் கடலையும் வளையலும் விற்றார்கள். வேல் என்றால் கரும்பு என்றே நினைத்து வளர்ந்த சிங்கள, முஸ்லிம், பறங்கிப் பிள்ளைகள் கொழும்பில் உண்டு. ஆடிச் சாரல் வந்தால் ரதத்துக்கு மேலே பொலித்தீன் விரியும், நாதஸ்வரக்காரருக்கு ஒருவர் குடை பிடிப்பார், சிதறுதேங்காயின் நீரும் மழைநீரும் ஒன்றாக ஓடைக்குப் போகும். சாரலுக்காக யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

1983 ஜூலையும் ஓர் ஆடிதான். தமிழருக்கு எதிரான வன்முறையில் வெள்ளவத்தை எரிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் வேல் ரதம் காலி வீதிக்கு வரவில்லை. கிழக்கில் காட்டுப்பாதையும் போரால் அடைபட்டது. நீண்ட பாதையும் அதன் பதிலியான குறுகிய பாதையும் ஒரே காலத்தில் நின்றுபோயின. 1970களின் தொடக்கத்தில் செல்வச்சந்நிதியில் ஜெர்மன் சுவாமி என்று அழைக்கப்பட்ட கௌரிபாலரோடு பழகிக் கதிர்காமம் நடந்த அமெரிக்கர் பட்றிக் ஹரிகன், 1988இல் பாதயாத்திரையை மீண்டும் உயிர்ப்பிக்கப் பாடுபட்டார். போர்க்காலம் முழுவதும் நடந்தவர்கள், முழுப்பாதை இல்லாவிட்டால் திறந்திருக்கும் பாதையில் நடந்தார்கள். செல்வச்சந்நிதியிலிருந்து முறையாகப் புறப்படுவது நெடுங்காலம் கழித்தே மறுபடி இயன்றது.

மழையில் நடப்பதையே வழக்கமாகக் கொண்ட யாத்திரையும் உண்டு. மகாராஷ்டிரத்தில் ஆஷாட ஏகாதசிக்கு ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு வார்க்கரி அடியார்கள் மூன்று வாரம் அளவில் நடக்கிறார்கள். ஆஷாடம் என்பது நம்முடைய ஆடியை ஒட்டிய மாதம். வீசுவதும் இதே தென்மேற்குக் காற்று. அங்கே அது மழையோடு வருகிறது. உழவர்கள் விதைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள். நனைந்தபடி நடக்கும்போது ஊரில் விதைத்தது முளைக்கிறது என்ற நிம்மதி அவர்களுக்கு உண்டு. கதிர்காமம் நடக்கும் கிழக்கு விவசாயிக்கு இது அறுவடை ஒட்டிய காலம். வயல் நெல் காய வேண்டும். ஆகவே பிற்பகல் இடிமுழக்கத்தில் அவருக்கு இரண்டு மனம்: பானைக்கு நல்லது, களத்துமேட்டுக்கு ஆகாது. கொழும்பிலிருந்து வந்தவருக்கு இந்த இரண்டாவது கவலை பக்கத்தில் நடப்பவர் சொல்லித்தான் தெரியவரும்.

பாதையின் முடிவிலும் தண்ணீர்தான். கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதை யாரும் பார்ப்பதில்லை. பூசகரான கப்புறாளை மூடிய பேழையை யானைமேல் கொண்டுபோவார். விழாவின் கடைசிநாள் மாணிக்க கங்கையில் தீர்த்தம், சிங்கள மரபில் நீர் வெட்டு. இங்குள்ள பள்ளிவாசலின் மரபு, இந்தத் தலத்தைச் சாகாநீர் அருந்திய கிழ்ர் நபியோடு இணைக்கிறது. கதிர்காம விழா போன்ற எசல பெரஹராக்களின் வேரில் மழை வேண்டுதல் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். உகந்தையிலிருந்து நடந்துவந்தவருக்கு ஆய்வாளர் தேவைப்படுவதில்லை. ஐந்தாறு நாள் மிடறு மிடறாக அளந்து குடித்தவர், இடுப்பளவு ஓடும் நீரில் முங்கி எழும்போது போடும் அரோகராவின் உரம், அன்று காலை பஸ்ஸில் வந்திறங்கியவரின் அரோகராவில் இருப்பதில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுதான் குளிக்கிறார்கள்.

திரும்பி நடப்பவர்கள் இப்போது கிடையாது. 1895இல் மாத்தறைக்கு ரயில் வந்ததும் தெற்குப் பாதையின் பெரும்பகுதிக்கு நடை தேவையற்றதாயிற்று. பிறகு கதிர்காமம்வரை வீதி வந்தது. 2020இல் தெற்கு அதிவேகப் பாதை அம்பாந்தோட்டைப் பக்கம்வரை நீண்டது. தீர்த்தம் முடிந்த அன்றே பஸ் ஏறினால் இரவுக்குள் வெள்ளவத்தை. காலில் கொப்புளம் ஆறுவதற்குள் அலுவலகம். நேர்த்தி என்பது போகும்போது மட்டுமா, வரும்போதுமா என்று பஸ்ஸுக்குள் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். தீர்த்தமாடியதோடு கணக்கு முடிந்தது என்பார் ஒருவர். வீட்டு வாசலில் கால் கழுவும்வரை விரதம், நடுவில் கொத்துரொட்டிக் கடையில் பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்பார் இன்னொருவர். மூன்றாமவர் திங்கட்கிழமை லீவு கிடைத்திருந்தால் நடந்தே வந்திருப்பேன் என்பார், பஸ் முழுக்கச் சிரிக்கும். 1830களில் இந்த விவாதத்துக்கு இடமே இருந்திருக்காது. நேர்த்தி எப்படியிருந்தாலும், கொழும்புக்கு அன்றைக்கு ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.